பாவடியில் நிற்கும் அர்த்தனாரி

எங்கள் தெருவில் எழவு விழுந்தால் தறி நிற்கும். இது எந்தச் சங்கமும் போட்ட தீர்மானம் இல்லை, எந்தச் சாமியும் இறங்கிச் சொன்ன வாக்கும் இல்லை. கைத்தறிக் காலத்திலிருந்து விசைத்தறிக் காலத்துக்குப் பங்காளி மாதிரி கூடவே வந்துவிட்ட வழக்கம், அவ்வளவுதான். இரவும் பகலும் அடித்துக்கொண்டிருக்கும் நாடாச் சத்தம் ஒரு பட்டறையில் நின்று, அடுத்த பட்டறையில் நின்று, கடைசியில் தெரு முழுக்க அடங்கிப்போனால், காது மந்தமானவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து யார் என்று கேட்பார்கள். பிணம் தெருவைத் தாண்டும்வரை அடுப்பு எரியாது, கோயில் நடை திறக்காது, தறி ஓடாது. தாண்டியதும் தெருவைக் கழுவிவிட்டு மோட்டாரைப் போடுவோம். துக்கத்துக்கென்று எங்களுக்கு இருப்பது அந்த இடைவெளி மட்டும்தான், அதிலும் பாதி நேரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவோம். எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கம் போதுமானதாக இருந்ததே கிடையாது.

அப்படிப்பட்ட தெருவின் கோடியில், முன்னாளில் பாவு நூலை நீளவாக்கில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்த பாவடி என்ற பொட்டல் நிலத்தில், ஓர் ஆடி மாதத்துக் காற்றில், இடுப்பு உயரத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருந்துளை வந்து நின்றது. வானத்தில் இருக்க வேண்டியது இங்கே ஏன் வந்தது என்று டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிக் கேட்டார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. கேட்காமல் வந்து சேர்ந்தவை எங்கள் தெருவில் ஏற்கெனவே நிறைய இருந்தன, சாயத் தண்ணீர், கொசு, கரண்ட் கட்டு, அந்த வரிசையில் இது ஒன்று. எதைப் போட்டாலும் விழுங்குமாம் என்று கேள்விப்பட்டதும் கழிவு நூலையும் ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகளில் உடைந்ததையும் கொண்டுபோய் வீசிப் பார்த்தோம். வீசியதெல்லாம் பக்கத்தில் போகப் போக மெதுவாகி, மெதுவாகி, கடைசியில் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே வெள்ளை நூல் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போய்ப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியாமல் போனது. குப்பைத் தொட்டிக்குக்கூட லாயக்கில்லாத துளை என்று சலித்துக்கொண்டு, பழைய தறிக்கட்டைகளை நட்டு வேலி போட்டுவிட்டு, அவரவர் பட்டறைக்குத் திரும்பிவிட்டோம்.

அர்த்தனாரி போனது ஒரு துண்டுக்காக. நான்கு தறி வைத்து ஈரோட்டுத் துண்டு நெய்துகொண்டிருந்தவன், மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தபோது கொடியில் கிடந்த துண்டு ஒன்று காற்றில் கிளம்பிப் பாவடிப் பக்கம் பறந்தது, எச்சில் கையோடு அவன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான். "துண்டு போனாப் போகுது, சோறு ஆறுதுங்க, வாங்க" என்று அவன் மனைவி பாவாயி வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவன் வேலியைத் தாண்டினான். முழங்கால் தண்ணீரில் இறங்கியவன் மாதிரி நடை தளர்ந்தது, ஒரு கால் தூக்கியபடி, ஒரு கை நீட்டியபடி, அந்தத் துண்டுக்கு ஒரு முழம் பின்னால், சிரித்த வாய் மூடாமல், நின்றுவிட்டான். கயிறு வீசினோம், கயிறும் பாதியில் நின்றது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் கொக்கி வீசினார்கள், கொக்கியும் நின்றது.

பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் பாவடியைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்றைக்குப் பிணம் தாண்டவில்லை, மறுநாளும் தாண்டவில்லை, எங்கிருந்து தாண்டும், அவன்தான் எங்கள் எல்லோர் கண் முன்னாலும் நின்றுகொண்டிருக்கிறானே. நூல் வியாபாரி போன் செய்தார். பாவு காய்ந்து அறுந்தது. பிள்ளைகள் பசித்து அழுதன. மூன்றாம் நாள் பிள்ளையார் கோயில் முன்னால் கூடினோம், எங்கள் பெரியதனக்காரர் மாணிக்கவேல், தெருவிலேயே அதிகத் தறி வைத்திருப்பவர், நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று நடத்தி வைப்பவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பொணம் எங்கீங்க இருக்குது? ஆரு பார்த்தீங்க? நிக்கறவன எப்படீங்க எழவுன்னு சொல்றது?"

யாரும் பார்க்கவில்லை. அவன் நின்றான், சிரித்தான், முகத்தில் வியர்வை மினுங்கியது. ஆகவே அர்த்தனாரி சாகவில்லை என்று முடிவாயிற்று. மோட்டார்களைப் போட்டோம். தெரு பழையபடி இரைந்தது, எங்களுக்கும் உயிர் வந்தது, பொய் சொல்வானேன்.

அந்த மூன்று நாளும் சுவரில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்த பாவாயி அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்து அழப் போனாள். பக்கத்திலிருந்த பெண்கள் பாய்ந்து வாயைப் பொத்தினார்கள். உயிரோடு நிற்கிற புருஷனுக்கு ஒப்பாரி வைத்தால் அது சாபமாகிவிடும் என்றார்கள். முகத்தைக் கழுவிவிட்டு, குங்குமம் வைத்துவிட்டு, சோறு பிசைந்து ஊட்டினார்கள், அத்தனையும் அன்பினால்தான். அழுகை வந்த வழியே உள்ளே போனது, போனது போனதுதான், அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அவளுக்கு அழ ஒரு நாள் வாய்க்கவே இல்லை.

வருடங்கள் ஓடின. அர்த்தனாரியின் வெள்ளை பனியன் பழுப்பாகி, மஞ்சளாகி, காவியாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, இது பாவாயியின் குங்குமம் அவன்மேல் ஏறுகிறது என்று யாரோ ஒருத்தி சொன்னாள், சொன்னது சொன்னபடி ஊருக்குள் நின்றுவிட்டது. அவனுக்கு மேலே தகரக் கொட்டகை போட்டோம், டியூப் லைட் மாட்டினோம், ஆயுத பூஜைக்கு மாலை வீசினோம், மாலையும் அவன் கழுத்துக்குப் போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்று சிவந்தது. பின்னால் பிறந்த பிள்ளைகள் அவனை நிக்கிற மாமா என்றார்கள். பரீட்சைக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் எதையும் பழக்கிக்கொள்கிறவர்கள், அவனையும் பழக்கிக்கொண்டோம்.

ஆனால் பாவாயியை என்ன செய்தோம் என்று கேட்டால், அவளைத் தலையில் தூக்கி வைத்தோம், அதுதான் நாங்கள் செய்தது. உலகத்தில் எந்தப் பெண்ணின் புருஷனும் என்றாவது ஒருநாள் போகக்கூடியவன். இவள் புருஷனோ போகவே முடியாத இடத்தில் நிற்கிறான். இவளைவிடத் தீர்க்க சுமங்கலி யார்? முகூர்த்தக்கால் நட இவள், வளைகாப்புக்கு முதல் வளையல் போட இவள், பெண் வயதுக்கு வந்தால் முதல் தண்ணீர் ஊற்ற இவள், தாலித் தட்டை ஏந்திச் சபையைச் சுற்றி வர இவள். எங்கள் தெருவோடு நின்றதா, இல்லை. பள்ளிபாளையத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் ஆம்னி வேன் அனுப்பினார்கள். பட்டறையில் ஷிப்டு முடித்து வந்தவளைக் குளிக்கவைத்து, பட்டுச்சேலை சுற்றி, தலை நிறையப் பூ வைத்துக் கூட்டிப்போவார்கள். தாம்பூலத்தோடு கொடுத்த ரவிக்கைத் துணிகள் பீரோவில் மூட மூடப் பிதுங்கின. ஆலாத்தித் தட்டைப் பிடித்தபடியே அவள் தூங்கிவிழுந்ததை நானே பார்த்திருக்கிறேன், பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்து எழுப்பினாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த அவள் மகன் பொங்கலுக்கு வருவான், அப்பாவை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான், அம்மாவின் காலை அமுக்கிவிடுவான், போய்விடுவான்.

ஒருமுறை அவளே பெரியதனக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நூலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்கு ஒரு நாள் அழுகோணுமுங்க."

"எதுக்கம்மிணி? அவன் நல்லாத்தான நிக்கறான்."

"நிக்கறாருங்க. என்னாலதான் நிக்க முடியலீங்க."

"ஒடம்பு சரியில்லயா? ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லட்டுமா?"

அவர் நல்ல மனிதர், உண்மையிலேயே வண்டி சொல்லி அனுப்பினார். டாக்டர் ரத்தம் குறைவாக இருக்கிறது, பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள் என்றார்.

இப்படியிருக்கையில்தான் மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். முதலில் வந்த பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் அளந்து பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு, மிச்சமிருந்ததை அளக்க அனுப்பப்பட்டவள். நாகர்கோவில் பெண். வேறு வீடு கிடைக்காமல் பாவாயியின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். பகலெல்லாம் பாவடியில் கருவிக்குப் பின்னால் குனிந்திருந்துவிட்டு, சாயங்காலம் பாவாயி வைத்த கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு, எங்கோ இரண்டு பெரிய துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டதில் உதைபட்டுத் தெறித்து அலைந்து வந்த துணுக்காக இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தங்களுக்கே சரியாகத் தெரியாது என்பாள். தெரியாது என்று சொல்லும் படித்த ஆளை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, பாவாயி கேட்டாள்.

"அவரு என்னப் பாக்கறாரா கண்ணு?"

ஜெசிந்தா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இல்லக்கா. அவருக்கு இவ்வளவு நாள் ஆகவே இல்ல. கால் தூக்கினாரு, அடுத்த நொடி உள்ள போயிட்டாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அன்னைக்கே, நீங்க சாப்பிடக் கூப்பிட்ட அந்த நேரத்துலயே எல்லாம் முடிஞ்சிருச்சு."

"அப்ப அங்க நிக்கறது?"

"அது அவரு இல்ல. அவர் மேல பட்டுத் திரும்பின வெளிச்சம். அந்தப் பள்ளத்துலேருந்து ஏறி வரணும்லா, சும்மா வர முடியாது. கடைசியா கிளம்பினது ரொம்ப மெதுவா, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஏறி ஏறி அதோட தெம்பெல்லாம் போயிருது, அதனாலதான் சிவந்து வருது. இன்னும் கொஞ்ச காலத்துல நம்ம கண்ணுக்கே தெரியாமப் போயிரும்."

"வெளிச்சத்துக்கும் களைப்பு வருமா?"

"வரும்க்கா. அப்படித்தான் சொல்லணும்."

பாவாயி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "வலிச்சிருக்குமா அவருக்கு?" என்றாள்.

"வலிக்கறதுக்கு நேரம் இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன். சத்தியமாத் தெரியாது."

கை கழுவிவிட்டுப் பாவாயி நேரே பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனாள். அங்கே பந்தல்காரனும் சமையல்காரனும் நின்றிருந்தார்கள், அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், தாலித் தட்டு ஏந்தப்போவது வேறு யார், பாவாயிதான். அவள் ஜெசிந்தா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அர்த்தனாரி செத்துவிட்டான், அன்றைக்கே செத்துவிட்டான், ஒரு நாள் தறியை நிறுத்தி, மகனை வரவழைத்து, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்றாள். மாணிக்கவேல் பந்தல்காரனை வெளியே அனுப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"அம்மிணி, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். இன்னைக்கு அவன் செத்தான்னு நாஞ்சொன்னா, அன்னைக்கே செத்தான்னு ஆகுதல்ல? அப்ப நீ தட்டு ஏந்துன இத்தன கல்யாணம்? வளையல் போட்ட இத்தன புள்ளைக? அத்தனையும் என்னாகறது? எழவ வெச்சுக்கிட்டு இத்தன வருசம் தறி ஓட்டியிருக்கறம்னு ஆகுதே. ஊரு தாங்குமா, சொல்லு."

அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் அன்று சாயங்காலமே அதைக் கேள்விப்பட்டோம், எல்லோரும் அவர் பக்கம்தான் சாய்ந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் பாவாயி கை பட்ட தாலி ஒன்றாவது இருந்தது. வீட்டுக்குள் புருஷன் தும்மினால்கூடப் பெண்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜெசிந்தாவிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் டீக்கடையில் அவளுக்கு டீ வர நேரமானது. பாவாயியைப் பார்த்தால் முன்னைவிட அதிகமாகச் சிரித்தோம். தயவுசெய்து சபையில் சொல்லிவிடாதே என்பதை வேறு எப்படிச் சொல்வது?

அவளும் யாரிடமும் மறுபடி பேசவில்லை. வைகாசி முகூர்த்தத்தன்று அதிகாலையில் வண்டி வந்தது, ஏறிக்கொண்டாள். மண்டபம் நிறைந்திருந்தது. மணமேடையில் புகை, மேளம், வீடியோக்காரனின் வெளிச்சம். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டை அவள் கையில் கொடுத்தார்கள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி அவளால் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான் நடந்தது. யாரையும் எதிர்க்க வேண்டும் என்று அவள் வந்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும், அவள் முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு செத்துப் போயிட்டாருங்க" என்றாள், மணப்பெண்ணின் அம்மாவைப் பார்த்து, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில். "அன்னைக்கே போயிட்டாருங்க. நான் ஏந்தக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

மேளக்காரர் பாதியில் நிறுத்தினார். மாணிக்கவேலின் மனைவி தட்டை வாங்கி அடுத்திருந்தவளிடம் கொடுத்தாள், அவள் வாங்கத் தயங்கி, பிறகு வாங்கினாள். பெரியதனக்காரர் மேளக்காரரைப் பார்த்தார், மேளம் மறுபடி தொடங்கியது. முகூர்த்தம் தவறவில்லை. பாவாயி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வேன் எதையும் எதிர்பார்க்காமல், வெயிலில் நடந்தே தெருவுக்கு வந்தாள்.

வீட்டு நடையில் உட்கார்ந்தாள். தாலியைக் கழற்றவில்லை, பூவை எடுக்கவில்லை, எடுப்பதற்கும் வைப்பதற்கும் யாராவது நாலு பெண்கள் வேண்டுமே. ஜெசிந்தா மகனுக்குப் போன் செய்தாள், அவன் பஸ் ஏறிவிட்டேன் என்றான். பிறகு அவள் டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து வாசலில் போட்டாள், கடைக்காரர் தடுக்கவில்லை. நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. தறிகள் இரைந்துகொண்டிருந்தன. பாவாயிக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் வராதே வராதே என்று சொல்லிவிட்டு இப்போது வா என்றால் அது வருமா? தானே சொல்லித் தானே அழுதால் அது கிறுக்கச்சி அழுகை. எழவு என்று ஊர் ஒத்துக்கொண்டால்தான் அது எழவு. எங்கள் பக்கம் அப்படித்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு, அவள் தட்டு ஏந்திய கல்யாணங்களில் தாலி ஏறிய பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் நன்றாக வாழ்பவளும் இருந்தாள், அடி வாங்குபவளும் இருந்தாள், பிரிந்து வந்தவளும் இருந்தாள்; எல்லா ஆசீர்வாதத்தையும் போல இவளுடையதும் பாதிக்குப் பாதிதான் பலித்திருந்தது. அவர்களும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் நாங்கள் பட்டறை வாசல்களில் நின்று, பெரியதனக்காரர் என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வராவிட்டால் இது ஒரு பெண்ணின் பேச்சு. அவர் வந்து திட்டினால் இது தகராறு.

மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டு அவர் வந்தார். பட்டு வேட்டியை மாற்றிப் பழைய வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் சந்தனம் அழிக்கப்பட்ட தடம் இருந்தது. பாவடிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அர்த்தனாரி அந்தி வெளிச்சத்தில் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கியிருந்தான். பிறகு வந்து, பாவாயிக்கு எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பாவாயி எழுந்திருக்கப் போனாள், வேண்டாம் என்று கையால் காட்டினார்.

தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதை அவர் தொடவில்லை. அவர் திட்டப்போகிறார் என்று பாவாயி காத்திருந்தாள், நாங்களும் காத்திருந்தோம். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார், பிறகு அதையும் விட்டுவிட்டார்.

கடைசியில் எழுந்தார். நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். எங்கள் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதானாலும், போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் கிளம்பமாட்டோம். அவர் அந்த வழக்கத்தில் ஊறியவர், பால்காரனிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் நகர்வார். படி இறங்கும்போது பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். பாவாயியைப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

எழவு வீட்டில் மட்டும்தான் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

அவர் முதுகு தெருவில் போவதைப் பாவாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வீட்டுத் திருப்பத்தில் திரும்பிய பிறகு பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள், வாய் கோணியது, முதலில் சத்தமே வரவில்லை, காற்று மட்டும் வந்தது. பிறகு சத்தம் வந்தது. மாரில் அடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லி, சோறு ஆறிப்போச்சே என்று அழுதாள், நாங்கள் யாரும் அவளை நிறுத்தவில்லை.